பாட்டு வீடியோ வெளிவரும் முன்னும் பின்னும்: ரசிகர்களின் எதிர்வினையைக் கேட்டறிய முழு வழிகாட்டி

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் புதிதாக எழும்பும் றொக் இசைக்குழுக்களின் வீடியோ வேலைகளில் கூட நின்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பாட்டு, படப்பிடிப்பு, எடிட் எல்லாவற்றையும் பிள்ளைகள் உயிரைக் கொடுத்துச் செய்கிறார்கள். ரசிகர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கும் இடத்தில் மட்டும் வரிசை பிழைத்துப் போகிறது. முதலில் யூடியூப்பில் ஏற்றிவிட்டு, பிறகு கருத்துகளுக்காகக் காத்திருக்கிறார்கள்.

யூடியூப்பில் ஏற்றிய வீடியோவை எடுத்துவிட்டு, அதே இணைப்பில் வேறொன்றைப் போட முடியாது. சில இடங்களை வெட்டலாம், மங்கலாக்கலாம், தலைப்பையும் முகப்புப் படத்தையும் மாற்றலாம், பாடல் வரிகளைச் சேர்க்கலாம். மறுபடி எடிட் செய்ததைப் போட வேண்டுமென்றால் புதிய இணைப்புத்தான். அதுவரை சேர்ந்த பார்வைகளும் கருத்துகளும் பழையதோடு போய்விடும். ஆகவே முதல் எதிர்வினையைத் திருத்த முடிகிற காலத்திலேயே வாங்கிவிட வேண்டும். கீழே உள்ள வரிசை முழுக்க அதை வைத்து அமைந்ததுதான்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

வெளியீட்டுக்கு மூன்று வாரம் முன்பாவது ஓர் எடிட் முடிந்திருக்க வேண்டும். நிறத் திருத்தம் முடியாவிட்டாலும் பரவாயில்லை. பாட்டின் மிக்ஸ், அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்த ஒலி, மட்டும் இறுதியானதாக இருக்கட்டும். நிறம் மங்கலாக இருந்தால் சனம் பொறுத்துக்கொள்ளும். குரல் அமுங்கியிருந்தால் வேறு எதைப் பற்றியும் பேசாது.

முதல் வாரம் ஓர் அறையில் சிலரைக் கூட்டிக் காட்ட, இரண்டாம் வாரம் திருத்த, மூன்றாம் வாரம் வேறு ஆட்களுக்குக் காட்ட. இதைவிடக் குறைவாக வைத்தால் அடிபடுவது திருத்தும் வாரம்தான்.

லப்டொப்பில் வீடியோக் கோப்பு, பென் டிரைவில் இன்னொரு பிரதி, எச்.டி.எம்.ஐ. கேபிள், ஸ்பீக்கருக்கான வயர், பெரிய டிவி ஒன்று, ஆளுக்கொரு தாளும் பேனையும். இவ்வளவும் போதும். இணையத்திலிருந்து நேரடியாக ஓட விடாதீர்கள். நடுவில் ஒருமுறை சுற்றிக்கொண்டு நின்றாலும் அந்த இடத்துக்கு வர வேண்டிய எதிர்வினை கெட்டுவிடும். முதல் தடவை பார்ப்பது ஒருவருக்கு ஒரு தடவைதான் நடக்கும்.

இன்னொன்றும் வேண்டும். எதை மாற்றத் தயார், எதை மாற்ற மாட்டோம் என்று குழு முன்கூட்டியே பேசி எழுதி வைக்க வேண்டும். பாடகரின் கத்தும் குரல்தான் உங்கள் அடையாளம் என்றால் அதை "மாற்றமாட்டோம்" பக்கத்தில் எழுதுங்கள். இந்தப் பேச்சை முதலே முடிக்காத குழுக்களில், காட்டி முடிந்த அன்றிரவே கிட்டார்காரருக்கும் எடிட் செய்தவருக்கும் சண்டை வந்துவிடுகிறது.

2. யாரைக் கூப்பிடுவது

குழுவின் நண்பர்களை மட்டும் கூப்பிடுவதுதான் எல்லாரும் விடும் பிழை. படப்பிடிப்பு நாளில் கேபிள் பிடித்தவனுக்கு அந்தக் காட்சி எடுக்கப் பட்ட பாடு தெரியும். அவன் பார்ப்பது வீடியோவை அல்ல, அந்த நாளை.

மூன்று வகை ஆட்கள் தேவை. உங்கள் பழைய பாட்டுகளைத் தேடிக் கேட்கிறவர்கள். றொக் கேட்பார்கள் ஆனால் உங்களைத் தெரியாதவர்கள். சினிமாப் பாட்டும் கோயில் திருவிழா இசைநிகழ்ச்சியும் மட்டும் கேட்கிறவர்கள். மூன்றாவது வகையை ஒதுக்கிவிடாதீர்கள். பேஸ்புக்கில் உங்கள் வீடியோ தற்செயலாகக் கண்ணில் படப்போவது அவர்களுக்குத்தான். எந்த நொடியில் அவர்கள் விட்டுப் போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஊரும் கலந்திருக்கட்டும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்துப் பிள்ளைகள், கல்லடி அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை படிக்கிறவர்கள், காத்தான்குடி, ஏறாவூர், களுவாஞ்சிகுடி, கல்முனை என்று. இசை படித்தவர்கள் தாளம் தவறிய இடத்தைச் சொல்வார்கள், மற்றவர்கள் அலுத்துப்போன இடத்தைக் காட்டுவார்கள். இரண்டும் வேண்டும்.

ஒரு அமர்வுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். கூட்டம் பெருத்தால் ஒருவர் சிரிக்க எல்லாரும் சிரிப்பார்கள். யாருக்கு உண்மையில் சிரிப்பு வந்தது என்று பிரித்தறிய முடியாது. ஆள் கூடினால் இரண்டு அமர்வாக வையுங்கள்.

3. இடமும் நேரமும்

மாலை 4 மணிக்குத் தொடங்கி 5.30க்குள் முடிப்பது எங்கள் பக்கத்துக்கு ஒத்துவரும். பொழுது சாய்வது ஆறு மணியை ஒட்டித்தான். மஃரிப் தொழுகைக்குப் போகிறவர்கள் அவதிப்படாமல் போகலாம், தூரத்திலிருந்து வந்த பெண் பிள்ளைகள் இருட்டுமுன் பஸ் ஏறலாம். போகும் அவசரத்தில் இருப்பவர் தாளில் "நல்லது" என்று மட்டும் எழுதிவிட்டு எழும்புவார். அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை.

டியூஷன் நேரங்களை விசாரித்துவிட்டு நாளை வையுங்கள். உயர்தரப் பரீட்சை நெருங்கும் காலத்தையும் மாமாங்கத் திருவிழா நாட்களையும் தவிருங்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழைக்காலம் என்பதால் வெளியில் திரை கட்டும் யோசனையே வேண்டாம்.

பகல் வெளிச்சத்தில் புரொஜெக்டர் படம் வெளிறிப் போகும். யன்னலை முழுக்க மறைக்க முடியாத அறையென்றால் டிவிதான் நல்லது. இல்லாவிட்டால் "படம் இருட்டாக இரிக்கி" என்று பத்துப் பேர் எழுதுவார்கள். நீங்கள் இல்லாத குறையைத் திருத்தப் போய் நல்ல நிறத்தைக் கெடுப்பீர்கள்.

4. ஒலியைச் சரிபார்த்தல்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். புளூடூத்தில் ஒலி படத்தைவிடப் பிந்தி வரும். பேச்சு வீடியோவில் அது பெரிதாகத் தெரியாமல் போகலாம். றொக் வீடியோவில் டிரம்மர் ஸ்னேரை (கூர்மையாகச் சத்தமிடும் சின்ன டிரம்) ஓங்கி அடிக்கும் குச்சி கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. குச்சி தோலில் பட்ட பிறகு சத்தம் வந்தால், காரணம் தெரியாத ஆளுக்கும் "ஏதோ பொருந்தல்ல" என்று படும். தாளில் "வாயசைவு சரியில்லை" என்று எழுதிவிட்டுப் போவார். பாவம், எடிட் செய்தவர் ஒரு பிழையும் செய்திருக்க மாட்டார்.

வயரில் இணையுங்கள். பார்வையாளர் வருமுன் ஸ்னேர் அடிக்கும் ஓர் இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். சில டிவிகள் படத்தை மெருகேற்றும் வேலையில் படத்தையே பிந்தவைக்கும். டிவி செட்டிங்கில் கேம் மோட் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். வேறு வழியில்லாமல் புளூடூத்தில்தான் ஓட்ட வேண்டும் என்றால் வி.எல்.சி. பிளேயரில் ஓட்டுங்கள். அதில் ஜே விசையை ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் ஒலி 50 மில்லிசெக்கன் முன்னே வரும், கே விசை பின்னே தள்ளும். ஸ்னேர் பொருந்தும் வரை அழுத்துங்கள்.

அடுத்தது போன் சோதனை. வெளிவந்த பிறகு பெரும்பாலானோர் பார்க்கப்போவது போனில், அதன் சின்ன ஸ்பீக்கரில். பேஸ் கிட்டாரின் அடிக் கம்பி 41 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கும்; போன் ஸ்பீக்கரால் அதைக் கொடுக்கவே முடியாது. பாட்டின் பலம் முழுவதும் பேஸில் இருந்தால் போனில் அது வெறும் சிம்பல் இரைச்சலாகத் தெரியும். ஆகவே வந்தவர்களில் மூன்று நான்கு பேருக்கு டிவியில் காட்டாமல், தனியாக உட்காரவைத்துப் போனில் முதலில் காட்டுங்கள். அவர்களுடைய தாள்களை வேறாக வைத்து ஒப்பிடுங்கள். டிவிக் கூட்டம் "கிளப்பிட்டீங்க" என்று எழுதி, போன் கூட்டம் "குரல் விளங்கல்ல" என்று எழுதினால் மிக்ஸில் வேலை இருக்கிறது.

ஒலி அளவிலும் ஒரு விடயம். மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (ஒலி எவ்வளவு உரத்துக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு) அளவைவிட உரத்த பாட்டை யூடியூப் ஏறக்குறைய அந்த அளவுக்கு இறக்கிவிடும். மாஸ்டரை, அதாவது வெளியிடும் இறுதி ஒலிக்கோப்பை, அதற்கு மேல் நெரித்து ஏற்றிவைத்தால் யூடியூப்பில் உரத்துக் கேட்காது, நெரிசல் மட்டும் மிஞ்சும்.

5. முதல் ஓட்டம்: பேசாமல் முகத்தைப் பாருங்கள்

வீடியோ தொடங்குமுன் விளக்கம் சொல்லாதீர்கள். "இது ஒரு பிரிவைப் பற்றின பாட்டு, அந்தத் தோணி என்னத்துக்கு எண்டா..." என்று பாடகர் தொடங்கினால், பார்க்கிறவர் அதன்பின் அந்த விளக்கத்தைத்தான் தேடிக்கொண்டிருப்பார். யூடியூப்பில் பார்க்கும் ஆளுக்குப் பக்கத்தில் நின்று சொல்ல நீங்கள் இருக்கப் போவதில்லை.

குழுவினர் பின்னால் உட்காரக் கூடாது, டிவிக்குப் பக்கத்தில் பார்வையாளரைப் பார்த்து உட்கார வேண்டும். இரண்டு பேர் போதும். ஒருவர் கையில் ஓடும் நேரத்தைக் காட்டும் போன், மற்றவர் கையில் கொப்பி. என்ன பார்த்தாலும் நேரத்தோடு எழுதுங்கள்: 0.40ல் மூன்று பேர் போனை எடுத்தார்கள், 1.52ல் கால் தாளம் போட்டது, 2.30ல் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். கைதட்டலைப் பெரிதாக எழுத வேண்டாம், அது மரியாதைக்கும் வரும். தன்னை அறியாமல் அசையும் கால், கையிலிருந்து மடிக்கு இறங்கும் போன் இரண்டும் பொய் சொல்லாது.

எங்கள் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. கல்லடிப் பாலம் திரையில் வந்ததும் அறையில் சத்தம் எழும்பும். பாசிக்குடாக் கடலுக்கும் அப்படித்தான். அது ஊரைக் கண்ட சந்தோசம், பாட்டுக்கு வந்த எதிர்வினை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு இன்னும் நான்கு ட்ரோன் காட்சியைச் சேர்த்த குழுக்கள் உண்டு. வெளியூர்க்காரர் அந்த நான்கு இடத்திலும் தாண்டிப் போவார்கள்.

முகங்களை வீடியோ எடுப்பதானால் முன்கூட்டியே கேளுங்கள். "நாங்கள் மட்டும் பார்க்கவா, பேஸ்புக்கில் போடவா" என்று இரண்டையும் பிரித்துக் கேட்க வேண்டும். முகம் வெளியே வருவதை விரும்பாதவர்கள் இங்கே நிறையப் பேர். 18 வயதுக்குக் கீழே என்றால் தாய் தகப்பனிடம் கேட்காமல் எடுக்கவே வேண்டாம். எடுக்கும்போது எங்கள் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதை நினைவில் வையுங்கள். போன் கமராவில் புரோ மோட் போட்டு ஷட்டரை 1/50 அல்லது 1/100ல் வைத்தால் லைட் வெளிச்சம் கோடு கோடாக ஓடாது.

6. கேள்விகள்: எழுதிய பிறகே பேச்சு

"எப்பிடி மச்சான்?" என்று கேட்டால் "சோக்கா இரிக்கி" என்பதைத் தவிர வேறு பதில் வராது. அது அன்பில் சொல்வது. அதில் திருத்த ஒன்றுமில்லை.

ஓடி முடிந்ததும் யாரும் பேசுமுன் தாளைக் கொடுங்கள். ஒருவர் வாய் திறந்துவிட்டால் மற்றவர்களுடைய எண்ணம் அதன் பக்கம் சாய்ந்துவிடும். பெயர் எழுதச் சொல்ல வேண்டாம். இந்த வரிசையில் நான்கு கேள்வி போதும்:

நினைவில் நிற்கும் ஒரு காட்சி எது? கோரஸில் நினைவிருக்கும் வரியை எழுதுங்கள். எந்த இடத்தில் கவனம் வேறெங்கோ போனது? இந்த வீடியோவை ஒருவருக்கு அனுப்புவதானால் யாருக்கு, என்ன எழுதி அனுப்புவீர்கள்?

இரண்டாவது கேள்வி பார்வைக்குச் சின்னது, கொண்டுவருவது பெரியது. வரியைப் பிழையாக எழுதினால் கிட்டாரின் கரகரத்த டிஸ்டோர்ஷன் ஒலிக்குள் சொல் அமுங்குகிறது என்று அர்த்தம். பலரும் ஒரே சொல்லைப் பிழையாக எழுதினால் அந்த இடத்தில் கிட்டாரைக் கொஞ்சம் இறக்கலாம், இல்லாவிட்டால் திரையில் வரியைப் போடலாம். நான்காவது கேள்விக்கு வரும் பதில்களில் வெளியீட்டு நாளில் எழுத வேண்டிய வாசகமே சில நேரம் கிடைத்துவிடும். நீங்கள் யோசித்து எழுதும் அறிமுகத்தைவிட அது நன்றாக இருக்கும்.

கல்லடியில் நடந்த ஓர் அமர்வில் வளாகத்துப் பிள்ளை ஒருவர் எழுதியது இப்படி: "பாலத்தில நிண்டு அடிக்கிற இடம் நல்லம். அதுக்கு முதல் ஒருத்தர் நடந்துகொண்டே இருக்கிறார். மறுகாவும் நடக்கிறார். எங்க போறார் எண்டு கடைசி மட்டும் விளங்கல்ல." பாடகர் வாவிக் கரையில் நடந்து வரும் காட்சி அது, அரை நிமிடத்துக்குக் கிட்ட. எடுத்தவர்களுக்கு அந்த அந்தி வெளிச்சத்தின் மேல் அவ்வளவு ஆசை. கொப்பியில் போன்கள் வெளியே வந்ததாக எழுதியிருந்ததும் அதே இடத்தில்தான். ஐந்து நொடியாகக் குறைத்தார்கள். அடுத்த அமர்வில் அந்த இடத்தில் யாரும் போனைத் தொடவில்லை.

தாள்களை வாங்கிய பிறகு பிளேன்டீயும் ரோல்ஸும் கொடுத்துப் பேச விடுங்கள். அப்போதும் குழுவினர் பதில் சொல்லக் கூடாது. "அது ஏன் தம்பி அப்படி வைத்தீங்க" என்று ஒரு அண்ணன் கேட்டால், "உங்களுக்கு என்னவாகப் பட்டது அண்ணன்" என்று திருப்பிக் கேளுங்கள். நியாயம் சொல்லத் தொடங்கியதும் எதிரில் இருப்பவர் குறை சொல்வதை நிறுத்திவிடுவார்.

7. எதைத் திருத்துவது

கொப்பியிலும் தாளிலும் ஒரே நொடி வந்தால் திருத்துங்கள். தாளில் மட்டும் வந்து, பார்க்கும்போது யாரும் அசையவில்லை என்றால் பொறுங்கள், இரண்டாம் அமர்வில் பாருங்கள். ஒருவர் மட்டும் சொன்னது எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் விடலாம்.

கோயில், பள்ளிவாசல், சேர்ச், மயானம் பின்னணியில் தெரியும் காட்சிக்கு மட்டும் வேறு அளவுகோல். அங்கே ஒருவர் முகம் சுளித்தாலும் நின்று கேளுங்கள். மனம் நோகிறது என்றால் எடுத்துவிடுங்கள். வெளிவந்த பிறகு அந்த ஒரு காட்சி மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும், பாட்டைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

8. வெளியிடும் நேரம்

உங்கள் ரசிகர்களில் ஒரு பகுதி லண்டனிலும் டொரொண்டோவிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் இருக்கிறது. ஞாயிறு இரவு 8 மணிக்கு இங்கே வெளியிட்டால், குளிர்காலத்தில் லண்டனில் பிற்பகல் 2.30, பாரிஸிலும் சூரிச்சிலும் 3.30, டொரொண்டோவில் காலை 9.30. கோடையில் ஒவ்வொன்றிலும் ஒரு மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள். எல்லாரும் விழித்திருக்கும் நேரம் அது. அவுஸ்திரேலியாவின் சிட்னி, மெல்பேர்ன் பக்கத்தில் மட்டும் நள்ளிரவு தாண்டியிருக்கும்.

யூடியூப்பில் பிரீமியராகப் போடுங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே நொடியைப் பார்ப்பார்கள் என்பதால், பக்கத்தில் ஓடும் சாட்டில் வருவது அந்த நொடிக்கான எதிர்வினை. சோலோ வரும்போது சாட் நிறைகிறதா, அமைதியாகிறதா என்பதைக் கண்ணால் காணலாம். குழுவில் ஒருவர் அதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

9. கருத்துகளைப் படித்தல்

முதல் இரண்டு நாளில் வருவதில் பாதி "வாழ்த்துகள் தம்பி", நெருப்புப் படம், இதயம். எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லுங்கள், அது முறை. வீடியோவை அளக்க மட்டும் அவற்றைப் பயன்படுத்தாதீர்கள்.

நேரம் குறித்து வருபவற்றைத் தனியே எடுங்கள். "2.14 இல் உடம்பு சிலிர்த்தது" என்று ஒருவர் எழுதினால் அவர் திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறார். அப்படி ஒன்றைக் கருத்துகளின் மேலே பின் செய்யுங்கள். அந்த நேரத்தைத் தொட்டால் வீடியோ அங்கே போகும். மற்றவர்களும் தங்களுக்குப் பிடித்த நொடியை எழுதத் தொடங்குவார்கள்.

சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வருகிற கருத்துகளுக்கு அதே மொழியில் ஒரு வரியாவது பதில் எழுதுங்கள். மொழி தெரியாமல் இசைக்காக வந்தவர்கள் அவர்கள். தமிழ் வரிகளுக்கு மொழிபெயர்ப்புச் சேர்க்க முடிந்தால் இன்னும் நல்லது, அதை வெளிவந்த பிறகும் சேர்க்கலாம்.

தூசணத்துக்கும் இனத்தை, மதத்தை இழுத்து எழுதுவதற்கும் வெளியிடுமுன்பே தடை போட வேண்டும். யூடியூப் ஸ்டூடியோவில் (உங்கள் சேனலை நிர்வகிக்கும் பக்கம்) தடுக்கப்பட்ட சொற்களின் பட்டியலில், தமிழ் எழுத்தில் மட்டுமல்லாமல் ஆங்கில எழுத்தில் எழுதும் எல்லா வடிவங்களையும் போடுங்கள். ஒரே சொல்லை ஐந்து விதமாக எழுதுவார்கள், ஒன்றைப் போட்டால் மற்ற நான்கும் உள்ளே வரும். "பாட்டு சரியில்லை" என்று எழுதுகிறவரை ஒருநாளும் தடுக்காதீர்கள். அவரிடம் எந்த இடம் என்று கேளுங்கள். பலர் நிதானமாகப் பதில் தருவார்கள்.

பிடிக்கவில்லை என்ற எண்ணிக்கை 2021 நவம்பருக்குப் பிறகு வெளியே தெரிவதில்லை, உங்களுக்கு ஸ்டூடியோவில் தெரியும். அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டு ஆளைத் தேடாதீர்கள்.

10. வளைகோட்டைக் கொப்பியோடு ஒப்பிடுதல்

எத்தனை பேர் எதுவரை பார்த்தார்கள் என்ற வளைகோடு ஸ்டூடியோவில் வர ஒன்றிரண்டு நாள் எடுக்கும். அதுவரை பார்வை எண்ணிக்கையைப் பார்த்துத் துள்ளவும் வேண்டாம், சோரவும் வேண்டாம்.

முதல் 30 நொடியில் எத்தனை வீதம் பேர் மிஞ்சினார்கள் என்பதை முதலில் பாருங்கள். நீண்ட கிட்டார் முன்னிசை வைத்திருந்தால் சரிவு அங்கேதான் இருக்கும். பிறகு கோடு மேலே எழும்பும் இடங்கள்: அங்கே சனம் திரும்பப் பார்க்கிறது. பள்ளம் விழுந்த இடங்கள்: அங்கே தாண்டிப் போகிறது. டிக்டொக்கிலும் ரீல்ஸிலும் போடும் துண்டை எழும்பிய இடத்திலிருந்து வெட்டுங்கள். குழுவுக்குப் பிடித்த இடத்தை வெட்டிப் போட்டுவிட்டு ஏன் ஓடவில்லை என்று கேட்பவர்கள் அதிகம்.

அறையில் எழுதிய கொப்பியைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பொருந்தும் இடங்களில் அடுத்த வீடியோவுக்கும் அறையை நம்பலாம். பொருந்தாத இடங்களில் நீங்கள் கூப்பிட்ட ஆட்களில் ஏதோ ஒரு வகை குறைந்திருக்கிறது. பார்வையாளர்களின் வயதையும் நாட்டையும் பார்த்தால் எந்த வகை என்று பிடிபடும்.

11. ரசிகர்களே எடுக்கும் ரியாக்‌ஷன் வீடியோக்கள்

உங்கள் பாட்டை விநியோகம் செய்யும் நிறுவனம் வழியாகக் கன்டென்ட் ஐடியில் (பிறர் வீடியோவில் உங்கள் பாட்டு வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப் அமைப்பு) சேர்த்திருந்தால், ரசிகர் ஒருவர் தன் முகத்தோடு உங்கள் வீடியோவை ஓட விட்டு ஏற்றும்போது தானாகவே உரிமைகோரல் போகும். அமைப்பைப் பொறுத்து வருமானம் உங்களுக்கு வரலாம், கணக்கு மட்டும் பார்க்கலாம், அல்லது அந்த வீடியோ முடக்கப்படலாம். ஆசையோடு எடுத்துப் போட்ட பிள்ளையின் வீடியோ முடங்கினால் அவர் உங்களோடு கோபிப்பார், அதில் பிழை சொல்லவும் முடியாது.

ஆகவே பாட்டை அனுப்பும்போதே முடக்கும் தெரிவு போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். வீடியோவின் விளக்கக் குறிப்பில் ஒரு வரி எழுதுங்கள்: ரியாக்‌ஷன் வீடியோ செய்யலாம், எங்கள் இணைப்பைச் சேர்த்துவிடுங்கள், உரிமைகோரல் வந்தால் எங்களுக்கு எழுதுங்கள். எழுதினால் அன்றே விநியோக நிறுவனத்துக்கு அறிவித்து விடுவியுங்கள்.

வரும் ரியாக்‌ஷன் வீடியோக்களை முதலில் ஒலியை அணைத்து, முகத்தை மட்டும் பாருங்கள். கமராவுக்கு முன்னால் இருப்பவர் கொஞ்சம் கூட்டித்தான் வியப்பார். அவர் பேச மறந்து திரையையே பார்த்துக்கொண்டிருக்கும் நொடிகளைக் குறித்து, வளைகோடு எழும்பிய இடங்களோடு சேர்த்து அதே கொப்பியில் எழுதுங்கள். அடுத்த பாட்டுக்குக் காட்சி யோசிக்க உட்காரும்போது மேசையில் அந்தக் கொப்பி இருக்கட்டும்.